கலியாண வீட்டிற் குழூஉக்குறி

பவணந்தி முனிவர் நன்னூலிலே தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தார். சபையிற் சொல்லத் தகாததை வேறு வாய்பாட்டால் மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலமாக்கிச் சொல்வது மங்கலம். ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் பெயரை ஒழித்துத் தமக்குள் மாத்திரம் விளங்கும் வேறொரு பெயரால் அதனை வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர்; யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர்; வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர் என்று உரைகாரர் உதாரணங் காட்டுவர். பள்ளிக்கூடத்தில் இதனை மனனஞ் செய்த காலத்திலே, மூன்றாவது வழக்கு நமக்கு எதற்கு என்று யான் எண்ணியதுண்டு. பொற்கொல்லரும் யானைப்பாகரும் தம்முட் பேசிக்கொள்வதை நாம் அறிந்து ஆவதென்ன?

சென்ற ஆண்டு என் தமக்கையாரின் மூத்த மகளுக்குக் கொழும்பிலே கலியாணம் நடந்தது. அப்பொழுது அக்கேள்விக்கு விடை கிடைத்தது. விடையின் விலை 533,000 ரூபா, வரி புறம்பு.

மாப்பிள்ளை கனடாவிலிருந்து பதினெட்டு நாள் விடுமுறையில் வந்தார். ஊரிலே பந்தலிட்டுச் செய்வதற்கு ஆளுமில்லை, அவகாசமுமில்லை. ஆகவே ஒரு ஹோட்டல் மண்டபமும், கருமங்களை நடத்திவைக்கத் திருமண ஒழுங்கமைப்பாளர் ஒருவரும் ஏற்பாடாயினர். ‘வெடிங் பிளானர்’ என்றே எல்லாரும் சொல்கிறார்கள். வந்தவர் இருபத்தாறு வயதுப் பெண்பிள்ளை. கறுப்புடை, காதிலே ஒரு கருவி, கையிலே ஒரு பட்டியல். மெத்தக் கெட்டிக்காரி. அவர்மீது எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதற் சந்திப்புக்கு யானும் அத்தானுடன் போயிருந்தேன். அத்தான் ஓய்வுபெற்ற தபாலதிபர். தந்தி இருந்த காலத்திலே, எட்டுச் சொல்லிற் பிறப்பையும் இறப்பையும் படித்துச் சொல்லிப் பழகியவர். அப்பிள்ளை அவரிடம் பேசியது தமிழ்தான். வினைச்சொற்கள் தமிழ், வேற்றுமையுருபுகள் தமிழ். பெயர்ச்சொற்கள் மாத்திரம் வேறெங்கோ இருந்து வந்தவை. “அங்கிள், எத்தனை பக்ஸ்? டே சிலொட்டோ, நைற் சிலொட்டோ? செற்றிபாக் நாங்கள் செய்கிறதோ, வெளி வென்டரோ? கேக் ஸ்ரக்சர் கொம்பிளிமென்றறி. றேற் நெற் இல்லை, பிளஸ் பிளஸ்.” அத்தான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பெண்ணைப் பெற்றவர் அன்றோ!

‘பக்ஸ்’ என்பது ஆள். விமானப் பிரயாணத்திலே பிரயாணிகளை எண்ணுதற்கு வழங்கிய சுருக்கம் ஹோட்டலுக்கு இறங்கி, ஹோட்டலிலிருந்து கலியாணத்துக்குள் நுழைந்திருக்கிறது. இலத்தீன் மொழியிலே இதே ஒலியுடைய சொல்லுக்குச் சமாதானம் என்பது பொருள். கணக்கு முடிக்கும் இரவில் அப்பொருள் பொருந்துவதில்லை. ‘செற்றிபாக்’ என்பது மணமக்கள் அமரும் ஆசனத்தின் பின்னே நிற்கும் சோடனை. நம் நாட்டுக் கலியாணத் தொழிலிலே பெருவழக்கு. மணவறையின் இடத்தில் இப்பொழுது அது நிற்கிறது. ‘கேக் ஸ்ரக்சர்’ என்பது தட்டுத் தட்டாக உயர்ந்து நிற்கும் வெள்ளைக் கோபுரம். உள்ளே பெரும்பாலும் றெஜிபோம். கத்தி வைக்கும் இடத்தில் மாத்திரம் மெய்யான கேக்கு. விருந்தினர் உண்ணுங் கேக்குச் சிறு பெட்டிகளில் வேறாக வரும். ஸ்ரக்சர் என்ற பெயர் இங்கே நேர்மையான பெயர் என்று சொல்லவேண்டும். கட்டடம் என்றார்களேயன்றிப் பலகாரம் என்றார்களில்லை.

‘பிறீசூட்’ என்றொன்றும் உண்டு. கலியாணத்துக்கு முன்னரே மணமக்களைக் கடற்கரைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் கூட்டிச் சென்று படமெடுப்பது. அப்படம் நன்றி அட்டையில் அச்சாகிக் கலியாண நாளிலேயே விருந்தினர் கையில் வந்துவிடும். பொன்னுருக்கிய பின்னர், தாலி கட்டும்வரை மணமகனும் மணமகளும் ஒருவரையொருவர் பார்த்தலாகாது என்பது எம் ஊர் வழக்கம். என் சிறியதாயார், “படத்திலே பார்த்தால் பார்த்ததாகுமோ?” என்று ஐயரைக் கேட்டார். ஐயர் சிரித்தாரேயன்றி விடை சொன்னாரில்லை.

இவற்றையெல்லாம் பரிகசித்தல் எளிது. ‘அந்தக் காலத்திலே’ என்று தொடங்கிப் பெருமூச்செறிந்து முடிப்பதும் எளிது. அதற்காக யான் பேனாவை எடுக்கவில்லை. பழைய கலியாண வீட்டுச் சொற்களுக்கும் புதிய கலியாண மண்டபச் சொற்களுக்கும் உள்ள வேறுபாடு இன்னதென்று சற்று நின்று பார்க்கவேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலே கலியாணத்துக்கு அழைப்பதைச் ‘சொல்லுதல்’ என்போம். “உங்களுக்குச் சொன்னவையோ?” என்றால் அழைத்தார்களோ என்பது பொருள். சொல்லாமல் விடுவது பகை. சொல்லியும் வாராதிருப்பது குறை. சொல்லுதல் என்ற அந்த ஒரு வினைச்சொல்லின் உள்ளே இரண்டு வீட்டாரின் கடமை இருந்தது. ‘பலகாரச் சூடு’ என்றாற் பலகாரம் சுடுவது மாத்திரமன்று. நல்ல நாள் பார்த்து அயலிலுள்ள பெண்கள் கூடிப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் சுடும் அந்த நாளையே அது குறிக்கும். சூட்டுக்கு வராதவள் ஏன் வரவில்லை என்பது மறுநாள் ஊருக்குத் தெரிந்துவிடும். ‘மாப்பிள்ளைத் தோழன்’ என்றாற் பெண்ணின் தம்பி. அவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் இடுவான். கன்னிக்கால் என்றால் நடவேண்டியது முள்முருக்கு. பொன்னுருக்கல் என்றால் அன்று தொடக்கம் அவ்வீட்டார் செத்த வீட்டுக்குப் போதலாகாது. இச்சொற்கள் பொருளின் பெயராகத் தோன்றினும், உண்மையில் இன்னார்க்கு இன்னார் இன்னது செய்யவேண்டும் என்பதன் பெயர்கள்.

இவற்றுட் சில சட்டத்துக்குள்ளும் புகுந்து நிலைபெற்றன. ஒல்லாந்தர் 1707இல் தேசவழமையை எழுத்திலே தொகுப்பித்தபோது சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்ற சொற்களுக்கு ஈடாக வேறு சொற் காணாது அவற்றையே வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை ஆங்கிலத்திலே தீர்ப்பெழுதும் நீதவான்களும் அவற்றை மொழிபெயர்ப்பதில்லை. சட்டத்தாரின் குழூஉக்குறிதான், ஆயினும் அது சனங்களின் வாயிலிருந்து போன சொல். வழக்காளிக்கு அது விளங்கும்.

அத்தான் கையெழுத்திட்ட பத்திரத்திலோ ‘மினிமம் கரண்டி 350 பக்ஸ்’ என்றிருந்தது. பொறுப்புறுதி என்பதற்குரிய ஆங்கிலச் சொல் அது. நம்மவர் வாயில் அது கரண்டி ஆகிவிட்டது. பரிமாறும் இடத்தில் வரும் சொல்லாதலால் ஒருவர்க்கும் ஐயம் எழவில்லை. எத்தனை பேர் வந்தாலும், 350 பேருக்குக் குறையாமற் சாப்பாடு தருவதாக ஹோட்டல் தமக்குப் பொறுப்புறுதி தருகிறது என்று அத்தான் விளங்கிக்கொண்டார். நியாயமான விளக்கமே. உணவு தருபவன் அன்றோ உணவுக்கு உறுதி சொல்லவேண்டும்! ஆனால் இத்தொழிலிலே உறுதி சொல்பவர் வீட்டுக்காரர். எத்தனை பேர் குறைந்தாலும் 350 பேருக்குரிய பணத்தைத் தருவேன் என்று அவர் ஹோட்டலுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரே சொல், உறுதியின் திசை மாத்திரம் மாறிவிட்டது.

‘பிளஸ் பிளஸ்’ என்பதையும் இவ்விடத்திற் சொல்லிவிடலாம். கூட்டற்குறி இரண்டு என்பது அதன் நேர்ப்பொருள். தட்டு ஒன்று 6,500 ரூபா பிளஸ் பிளஸ் என்றால், முதற் கூட்டலிலே சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து; இரண்டாங் கூட்டலிலே வரி. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலே 15 வீதத்திலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. அவ்விரண்டையும் மாத்திரம் கூட்டிப் பார்த்தாலும் 6,500 என்றது 8,400 ரூபாவைத் தாண்டிவிடுகிறது. இரண்டு சிறு கோடுகள் குறுக்கிட்டால் ஒரு கூட்டற்குறி; அக்கோடுகளுக்குள் இவ்வளவு இடமிருக்கிறது என்பதைத் தபாற் கந்தோர்க் கணக்கிலே ஒரு சதம் பிழைக்க விடாத அத்தான் அறியாதிருந்தார்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையிலே, அத்தானின் தங்கை புகுந்த வீட்டில், தொண்ணூறு கடந்த ஒரு மூதாட்டி காலமானார். அவ்வழியார் முழுவதும் துடக்கு. கோண்டாவிலிலிருந்து புறப்படவிருந்த இரண்டு பஸ்கள் புறப்படவில்லை. இச்செய்தியை அத்தானுக்கு எப்படி அறிவித்தார்கள்? கலியாண வீட்டுக்குச் சாவைச் சொல்லலாமோ! தாலி அறுந்தது என்னாது பெருகிற்று என்றும், விளக்கை அணை என்னாது குளிரவை என்றும் பழகிய சனங்கள் நாங்கள். ஆகவே தங்கை தொலைபேசியிலே, “அண்ணை, இந்தப் பக்கத்தாருக்கு வரத் தோதுப்படேல்லை, பிள்ளையை நாங்கள் பிறகு வந்து பாக்கிறம்” என்று மாத்திரம் சொன்னார். அத்தானுக்கு விளங்கிற்று. ஏன் என்று கேட்டாரில்லை. அதுதான் மங்கல வழக்கு.

உடனே அவர் ஒழுங்கமைப்பாளருக்கு அறிவித்தார்: எண்பது பேர்வரையில் வரமாட்டார்கள். அப்பிள்ளை, “அங்கிள், நம்பர் லொக் ஆகிட்டுது” என்றார். பூட்டியாயிற்று என்றதும், ஏதோ பத்திரமாக இருக்கிறது என்று எண்ணி அத்தான் நன்றி சொன்னார்.

ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு செய்திகள், இரண்டும் மறைபொருள். தங்கை மறைத்தார், மறைத்ததென்பது கேட்டவருக்குத் தெரிந்தது, மறைத்ததன் பொருளும் தெரிந்தது. ஒழுங்கமைப்பாளர் எதையும் மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடியே சொன்னார். கேட்டவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பவணந்தியார் மங்கலத்தையும் குழூஉக்குறியையும் அடுத்தடுத்து வைத்தாரல்லவா? அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை அன்றுதான் கண்டேன்.

கலியாணம் சிறப்பாகவே நடந்தது. இத்தொழிலார் ‘ரன் சீற்’ என்று வைத்திருக்கும் நிமிடக் கணக்கின்படி எல்லாம் நடந்தன. சிலர் அந்தக் கணக்கைக் குறை சொன்னார்கள், யான் சொல்லவில்லை. 9.12 முதல் 10.38 வரை சுபமுகூர்த்தம் என்று அழைப்பிதழில் அச்சிடுகிற நமக்கு நிமிடம் புதிதோ? என் கண்ணிற் பட்டது வேறொன்று. அத்தாளிலே ‘குறூம் என்றி’ என்றிருந்தது. ‘வாஷிங் பீற், 2 நிமிடம்’ என்றிருந்தது. கழுவுபவன் பெண்ணின் தம்பி என்றில்லை. பையன் உடைமாற்றும் அறையில் நின்றான். யாரோ ஓடிச்சென்று இழுத்து வந்தார்கள்.

வந்தவர்கள் 268 பேர். இரவு கணக்கு வந்தது. எண்பத்திரண்டு வெறுந்தட்டுகளுக்கும் பணம். மண்டபத்தின் ஓரத்திலே நீண்ட மேசைகளில் உணவு நிறைந்தபடியே இருந்தது. அத்தான் அதையும் கணக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர், “பிள்ளை, வராத ஆக்களின்ரை சோறு எங்கை?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. காசு கொடுத்தாயிற்றாதலால் அதை எடுத்துப்போய் எங்காவது கொடுக்கலாம் என்ற எண்ணம். ஊரிலென்றால் எஞ்சிய சோறு அயலுக்குப் போகும். மண்டபத்து உணவை வெளியே கொண்டுபோக விதியில்லை என்று அப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். வெளியே கொண்டுபோய் வைத்துண்டு ஒருவர்க்கு நோய் வந்தால் ஹோட்டல் பொறுப்பாகும் என்பது காரணம். பத்திரத்தில் அதுவும் இருந்தது. அன்றிரவு அவரும் ஒன்றும் உண்ணவில்லை என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

ஹோட்டலின் பக்கத்தில் நியாயம் இல்லையென்று யான் சொல்லேன். இத்தனை பேர் என்ற எண்ணை நம்பியே அரிசியும் இறைச்சியும் வாங்குகிறார்கள். நாட்கூலிக்குப் பரிமாறுவோரை அழைக்கிறார்கள். அந்த நாளை வேறொருவர்க்குக் கொடாது வைத்திருக்கிறார்கள். ஊர்ச் சமையலிலே ஒரு கொத்து அரிசியைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். எண்ணிவைத்த தட்டில் இயலாது. தொழிலாளர் தமக்குள்ளே குறுக்குச்சொற்கள் வழங்குவதும் குற்றமன்று. சமையலறைக்கும் மண்டபத்துக்கும் இடையே ஓடுகிறவன் ‘பக்ஸ்’ என்னாது ‘வருகை தந்திருக்கும் உற்றார் உறவினர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாற் சோறு ஆறிவிடும்.

இச்சொற்கள் நம்மிடையே வந்த வழியையும் மறத்தல் கூடாது. 1983இலும் அதன் பின்னரும் நம் வீடுகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஓரிரவில் நடந்து வெளியேறிற்று. திரும்பி வந்தோர் பாதி. வாராதோர் தொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும். பலகாரஞ் சுடவேண்டிய பெரியம்மா அங்கே. பந்தற்கால் நடவேண்டிய மாமன் அங்கே. அவர்கள் விட்டுப்போன இடத்திலேதான் ஒழுங்கமைப்பாளர் வந்து நிற்கிறார். ஆளில்லாத வீட்டிலே ஆளின் கடமையைச் சொல்லும் பெயர்கள் எப்படி நிற்கும்? காசின் அளவைச் சொல்லும் பெயர்கள் வந்துவிட்டன. இன்னும் நாங்கள் ஹோட்டலுக்குப் போய்வந்து, ‘கலியாண வீட்டுக்குப் போனோம்’ என்றே சொல்கிறோம். வீடு என்ற சொல் மாத்திரம் எங்களைவிட்டுப் போகவில்லை.

பழைய சொற்கள் எல்லாருக்கும் இனியனவாக இருந்தன என்று சொல்வாரை யான் நம்பேன். ‘வெள்ளை கட்டுதல்’ என்ற சொல் நமக்கு இனிக்கலாம். பந்தலின் மேலே அந்த வெள்ளையைக் கட்டியவருக்கு அது பிறப்பினால் வந்த கடமை, மறுக்க இயலாதது, கூலி கேட்க இயலாதது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கடைசிப் பந்திக்கும் பின்னே காத்திருப்பது. கடமையைச் சொல்லும் பெயர்கள் என்று மேலே மகிழ்ந்து சொன்னேனே, அக்கடமைகளிற் சில இவ்வகையின. இன்றைக்கு மண்டபத்தின் மேலே துணி கட்டும் இளைஞன் ‘வென்டர்’. அவன் பில் எழுதுகிறான், முற்பணம் வாங்குகிறான், விருப்பமில்லையேல் வேறிடம் போகிறான். அந்த ஒரு சொல்லை அவனிடமிருந்து பறித்துப் பழைய சொல்லைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே என் வழக்கு அச்சொற்களோடன்று. அவை எவரிடத்திற் பேசப்படுகின்றன என்பதோடேயாம். குழூஉக்குறி குழுவுக்குள் இருக்கும்வரை தகுதி வழக்கு. பொற்கொல்லன் தன் மகனிடம் ‘பறி’ என்று சொல்லலாம். பொன் கொண்டுவந்தவளிடம் ‘பறி’ என்று சொல்லி அவள் கைநாட்டு வாங்கினாற் பவணந்தியார் அதற்கு என்ன பெயர் வைப்பாரோ அறியேன். கலியாணத் தொழிலார் தம் பத்திரத்தைத் தமிழில் அச்சிட்டுத் தரலாம். இது பெரிய காரியமன்று. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியமையால், தபாற் கந்தோரிலே தமிழிற் பத்திரம் கேட்க அத்தானுக்கு உரிமையுண்டு. ஹோட்டற் கந்தோருக்கு அவ்விதி இல்லை. ஆனால் விதியினாலேதான் செய்யவேண்டுமோ? அழைப்பிதழைத் தமிழில் அச்சிட்டுக் கேட்கிறோம். மேளத்தைத் தமிழிற் பேசி முடிக்கிறோம். ‘பாரம்பரியப் பொன்னுருக்கல் பக்கேஜ்’ என்று நம் சொல்லையே சோடித்து நமக்கு விற்கவும் இத்தொழிலார் அறிவர். விற்கும் பக்கத்தில் தமிழ் வரும்போது, காசு கட்டும் பக்கத்தில் அது வாராமற் போவானேன்?

நம்மவரும் ஒன்று பழகவேண்டும்: விளங்கவில்லை என்று சொல்லுதல். பெண்வீட்டார் எதையும் கேளாது தலையாட்டும் வழக்கம் மாப்பிள்ளை வீட்டாரோடு தொடங்கி ஹோட்டற்காரர் வரையும் நீண்டுவிட்டது.

இளையவளுக்கு வருகிற ஆவணியிலே கலியாணம். அதே ஒழுங்கமைப்பாளரையே அத்தான் அழைத்திருக்கிறார். கெட்டிக்காரி என்று முன்னமே சொன்னேன். அத்தானுக்கும் அப்படியே எண்ணம். இம்முறை அப்பிள்ளை பத்திரத்தைக் கொண்டுவந்து, எங்கள் விறாந்தையிலே அத்தானின் அருகிருந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலினால் தமிழ் எழுதிக்கொடுத்தார். இருவருமாக ஒரு பிற்பகல் முழுவதும் இருந்தார்கள். பக்ஸ் என்பதன்மேல் ‘ஆட்கள்’. பிளஸ் பிளஸ் என்பதன்மேல் ‘சேவைக் கட்டணமும் வரியும் வேறு’. லொக் என்பதன்மேல் ‘இனிக் குறைக்க முடியாது’. ரன் சீற்றிலே தம்பியின் பெயரைத் தாமே எழுதிவிட்டார். மினிமம் கரண்டி என்பதன்மேல் ‘குறைந்தபட்ச உறுதி’ என்று எழுதி அழித்திருக்கிறார்கள். ‘வராதவருக்குங் கட்டுங் காசு’ என்று எழுதி, அது அமங்கலம் என்று என் தமக்கையார் சொல்ல, அதையும் அழித்திருக்கிறார்கள். அவ்விடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. பொருள் பிழைக்காமலும் மங்கலங் கெடாமலும் ஒரு சொல் வாசகர் எவரிடத்தேனும் இருக்குமாயின், ஆடி முடிவதற்குள் அனுப்பி உதவுக.